நிழலில் அமர்ந்த புரூட்டஸ்

பதினெட்டாம் நூற்றாண்டுப் பாரிஸின் கலைக்கழகம் ஓவிய வகைகளில் வரலாற்று ஓவியத்தையே உச்சியில் வைத்தது. பழங்கதையிலிருந்து ஒரு நல்லொழுக்கத்தை எடுத்துப் பார்வையாளர் மனத்தில் பதிய வைப்பது அதன் வேலை. ழாக் லூயி தவீத் 1789-இல் முடித்த ‘புரூட்டஸ்’ இந்த வகையைச் சேர்ந்ததுதான். ஆனால் சொல்ல வந்த பாடத்தைத் தானே சந்தேகிக்கும் படம் அது என்பது என் கருத்து. இவர் சீசரைக் குத்திய புரூட்டஸ் அல்ல, அவருக்கு நான்கரை நூற்றாண்டு முந்தியவர். கடைசி அரசன் தார்க்குவினை விரட்டி ரோமானியக் குடியரசை நிறுவியவர். முடியாட்சியை மீட்கச் சதி செய்த தன் இரு மகன்களுக்கும் மரண தண்டனை விதித்தவரும் இவரே. தண்டனை முடிந்து உடல்கள் வீட்டுக்கு வரும் கணத்தைத் தவீத் வரைந்திருக்கிறார். நான்கு மீட்டருக்கு மேல் அகலமான திரையில் கதாநாயகன் இடது ஓரத்தில், ரோமாபுரித் தேவியின் சிலையடியில், இருட்டில் உட்கார்ந்திருக்கிறார். முகம் இறுகியிருக்கிறது, பாதங்களோ ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, முகம் மறைப்பதைக் காட்டிக்கொடுக்கின்றன. ஒளி முழுக்க வலப்பக்கத்துப் பெண்கள்மீது: கை நீட்டிக் கதறும் தாய், அவள்மேல் மயங்கிச் சாயும் மகள், கண்களைப் பொத்திக்கொள்ளும் இன்னொருத்தி. படத்தின் நட்டநடுவில் மனிதரே இல்லை. மேசைமேல் ஒரு தையல் கூடை இருக்கிறது, அவ்வளவுதான்.

அழும் பெண்கள் ஆணின் உறுதியை எடுத்துக்காட்டவே என்று சிலர் சொல்லலாம். தவீதின் முந்தைய ‘ஹொராட்டியர் சபதம்’ படத்துக்கு அது பொருந்தும். அங்கே நடு இடம் தந்தைக்கும் அவர் உயர்த்திய வாள்களுக்கும், பெண்களுக்கு ஓரம்தான். இங்கே ஓரம் தந்தைக்கு. உறுதியைப் போற்றுவது மட்டுமே நோக்கமென்றால் அவரை இருட்டில் தள்ளுவானேன்? புரட்சிக்காரர்கள் இதைக் கொண்டாடினார்களே என்பது வலுவான மறுப்பு. உண்மைதான். பாஸ்டில் விழுந்த சில வாரங்களில் படம் காட்சிக்கு வந்தது. 1790-இல் வோல்டேரின் ‘புரூட்டஸ்’ நாடக முடிவில் நடிகர்கள் இதே காட்சியாக நின்று காட்டினார்கள். தவீதே 1793-இல் மன்னனின் மரண தண்டனைக்கு வாக்களித்தார். ஆனால் இவையெல்லாம் படம் வரைந்து முடித்த பின் நடந்தவை. அவற்றைக் கொண்டு படத்துக்குப் பொருள் சொன்னால், அந்த இருட்டுக்கும் கூடைக்கும் விளக்கமே கிடைக்காது. இன்னொன்றையும் மறக்கக் கூடாது: முடியாட்சிக்கு எதிரான கொடியாகத் தூக்கிப் பிடிக்கப்பட்ட இந்தப் படத்தை வரையச் சொன்னது பதினாறாம் லூயியின் அரசாங்கமேதான்.