பின் அச்சில் ஊளைச் சத்தமா? பிரிக்கும் முன் எழுதி வாங்குங்கள்

அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதம் நின்றுபோனது. இன்றும் அதை வைத்து ஓட்டுகிறவர், பின்பக்கம் 'ஊ' என்று சத்தம் வருகிறது என்றால், பட்டறையில் எளிதாகக் கிடைக்கும் பதில் "கிரவுன் பினியன் போச்சு, மாத்தணும்" என்பதுதான். திருமுக்கூடலிலிருந்து உத்திரமேரூருக்கோ வாலாஜாபாத்துக்கோ வண்டியைக் கொண்டுபோய் விடுகிறவர் அந்த ஒரு வரியை நம்பிப் பணம் கட்ட வேண்டியதில்லை. காரணத்தைச் சோதித்து எழுதித் தராமல் பின் அச்சிலுள்ள டிஃபரன்ஷியலைப் பிரிக்க யாரும் சம்மதிக்கக் கூடாது.

ஏனென்றால், சத்தம் பிறக்கும் இடங்கள் பல. தார் ரோட்டிலிருந்து சிமென்ட் ரோட்டில் ஏறியதும் சத்தம் மாறினால் அது டயர். டிஃபரன்ஷியல் சத்தம் ரோட்டைப் பார்த்து மாறாது. கிளட்சை விடும்போது 'டக்' என்றால் முதலில் யூ ஜாயின்ட்டைப் பாருங்கள். ஆக்சிலேட்டரை மிதித்து இழுக்கும்போது மட்டும், குறிப்பிட்ட வேகத்தில் ஊளையிட்டால் கிரவுன், பினியன் பற்களைச் சந்தேகிக்கலாம். காலை எடுத்ததும் கிளம்பினால் பினியன் பேரிங் தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். இழுத்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி உறுமுவதும் பெரும்பாலும் பேரிங்தான். பிறகு டிஃபரன்ஷியல் ஆயிலை வடித்து வெள்ளைத் துணியில் பார்க்க வேண்டும்: சாம்பல் நிறப் பசை இயல்பு, விரலில் குத்தும் இரும்புச் சில்லு ஆபத்து. பேரிங் மட்டும் போயிருந்தால் அதை மாற்றி, ஷிம் வைத்து அளவைச் சரிசெய்து, பழைய பற்களையே காப்பாற்றிவிடலாம். கிரவுனும் பினியனும் ஜோடியாகவே இழைத்துப் பொருத்தப்பட்டவை. ஒன்றை மட்டும் மாற்றினாலும், பற்களில் நீலம் தடவி அது பதியும் இடத்தைப் பார்க்காமல் பூட்டினாலும், புதுச் சாமானும் ஊளையிடும்.

பழைய வண்டி என்றால் சத்தம் இருக்கத்தானே செய்யும் என்பார்கள். வருஷக்கணக்கில் ஒரே அளவில் இருக்கும் மெல்லிய இரைச்சலுக்கு அந்தப் பதில் பொருந்தும். நாளுக்கு நாள் வளரும் சத்தத்துக்குப் பொருந்தாது. தளர்ந்த பினியன் பற்களை உடைத்து, ஓட்டத்திலேயே பின்சக்கரங்களை இறுக்கிவிடலாம். சீல் கசிந்து ஆயில் பிரேக் லைனிங்கில் இறங்கினால், பிரேக் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். சத்தத்தை அமுக்க டிஃபரன்ஷியலுக்குள் மரத்தூள் போட்டு வண்டியை விற்பது பழைய தந்திரம். வாங்கும் முன் அந்த ஆயிலை வடித்துப் பார்ப்பது அவசியம்.

தெரிந்த மெக்கானிக்கிடம் எழுதிக் கேட்டால் உறவு கெடும் என்ற தயக்கம் நியாயமானதே. ஆனால் திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் உள்ள வீரராஜேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, ஆதுலர்சாலை என்ற மருத்துவமனையின் 15 படுக்கைகள், மருத்துவர் ஊதியம், இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகள் வரை எழுதி வைத்திருக்கிறது. எழுதி வைப்பது அவநம்பிக்கை அல்ல. சொல்லாத வேலைக்குப் பழி வராமல் அது மெக்கானிக்கையும் காக்கும்.

சட்டமும் அந்தப் பக்கமே நிற்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, முறையான பில் தராததே நேர்மையற்ற வணிக நடைமுறை. தவறாகச் செய்த வேலை சேவைக் குறைபாடு. சென்னைப் புதுப்பேட்டையில் சாமான் வாங்கியிருந்தாலும், அங்குள்ள பட்டறையில் வேலை செய்திருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்துக்குரிய நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. சொந்தப் பிழைப்புக்காகத் தானே டாக்ஸி ஓட்டுகிறவருக்கும் இந்த உரிமை உண்டு. தனியாளிடம் வாங்கிய பழைய வண்டிக்கு மட்டும் இந்த வழி பொதுவாகக் கிடைக்காது. அங்கே சிவில் வழக்கு, ஏமாற்றியது தெளிவானால் போலீஸ் புகார். சில ஆயிரத்துக்கு இவ்வளவு அலைச்சலா என்பவர்கள் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். எந்த வழியில் போனாலும் ஆதாரம் வேண்டும். ஆகவே பில்லோடு, கழற்றிய பழைய பேரிங்கையும் பற்களையும் கேட்டு வாங்கி வீட்டில் பத்திரப்படுத்துங்கள்.