உணவகத் தொழிலாளரும் வேலையுறுதியும்

மன்னார்த் தீவின் பிழைப்புக்கள் பல போக்குவரவை நம்பியவை. 1914ஆம் ஆண்டில் தலைமன்னாருக்குப் புகையிரதமும் அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பலும் ஓடத் தொடங்கின. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது; பின்னர் இராமேசுவரத்திலிருந்து வந்த கப்பலும் 1984இல் நின்றது; 1990இல் புகையிரதமும் நின்று, 2015 மார்ச்சிலேயே மீண்டது. பயணிகள் குறையுமிடத்து உணவுக்கடைகளில் முதலில் வேலையிழப்பவர் மேசை துடைப்பவரும் பரிமாறுபவருமே. 2020 மார்ச்சில் வந்த ஊரடங்கும், 2022இல் நேர்ந்த சமையல் வாயுத் தட்டுப்பாடும் இதனை நாடெங்கும் காட்டின.

இவ்வச்சம் மனத்தை எவ்வாறு வாட்டுகின்றது? வேலைப்பளு மிகுந்தும், அதனை நடத்தும் அதிகாரம் குறைந்தும் இருக்குமிடத்து மனவழுத்தம் மிகும் என 1979இல் றொபேட் கராசெக் என்பார் விளக்கினார். 1988இல் ஜோன்சன், ஹோல் என்போர் உடன்பணியாளரின் ஆதரவையும் அதனோடு சேர்த்தெண்ணினர். பரிமாறுபவரின் நிலை இதற்குத் தக்க சான்றாகும். சோறு பிந்துவது அடுக்களையில். ஏச்சு விழுவது அவர்மீது. மறுமொழி கூறவும் இயலாது; கூறின் நாளை வேலையிராது. அவ்வேளை தலைமைச் சமையற்காரர் முன்வந்து, "பிழை என்னுடையது" என்று சொல்வாராயின் பாதிச் சுமை இறங்கிவிடும். செலவில்லாத இவ்வாதரவே பல கடைகளில் அரிதாக உள்ளது.

சட்டத்தின் காவலோ எல்லார்க்கும் ஒருபடித்தானதன்று. முதலாளி தம் விருப்பப்படி ஆட்குறைப்புச் செய்யாது தடுக்கும் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், பதினைவருக்குக் குறைந்தோர் வேலைசெய்யும் இடங்களுக்குப் பொருந்தாது. சிறு உணவுக்கடைகளில் அத்தனைபேர் எங்கே? வேலையுறுதி மிகவும் வேண்டப்படுமிடத்தே அச்சட்டம் நின்றுவிடுகின்றது. எனினும் 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் ஒரே தொழிலாளர் உள்ள கடைக்கும் முதல் நாளிலிருந்தே உரியது: சம்பளத்தில் தொழிலாளர் 8 வீதமும் முதலாளி 12 வீதமும் செலுத்தல் வேண்டும். 1980ஆம் ஆண்டின் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மேலும் 3 வீதம் செலுத்துவார். தற்காலிக ஊழியர் என்பதால் இவ்வுரிமை நீங்காது; நன்கு படித்தவருட் பலரும் இதனை அறியாதிருப்பது வியப்பே.

வேலைக்குச் சேரும் நாளிலேயே நியமன விபரங்களை எழுத்திற் பெறும் உரிமையும் 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தில் உண்டு. தொழில் திணைக்களத்தில் முறையிடும் நாளில், வேலைசெய்ததை எண்பிக்க அக்கடிதமும் சம்பளச் சீட்டுமே பெரிதும் உதவுவன. வாய்ச்சொல்லால் வேலைக்கு வந்தவரை வாய்ச்சொல்லாலேயே போகச் சொல்லிவிடுகின்றனர்.