பசும்புல்லும் பாலைவனமும்

"லாஸ் வேகாஸ்" என்னும் ஸ்பானியச் சொல்லுக்குப் "புல்வெளிகள்" என்று பொருள். அமெரிக்காவில் நெவாடா ராஜ்யத்து மொஹாவே பாலைவனத்தின் நடுவே இருக்கிறது இந்நகரம். முற்காலத்தில் அங்கே ஊற்றுக்கள் சுரந்தன; அவற்றின் ஓரத்தில் புல் செழித்திருந்தது. அதைக் கண்ட வழிப்போக்கர் இட்ட பெயர் அது. ஊற்றுக்கள் 1962-ல் வற்றிவிட்டன. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

வருஷம் முழுவதும் அங்கே பெய்யும் மழை சுமார் 4 அங்குலம். அப்படியிருந்தும் குடியேறியவர்கள் வீட்டுக்கு வீடு புல்தரை விரித்தார்கள். புல்தரையோ ஓயாது தூறல் விழும் இங்கிலாந்து போன்ற தேசங்களில் வளர்ந்த நாகரிகம். அங்கே வானம் இலவசமாய்ச் செய்த வேலையை இங்கே கொலொராடோ நதி செய்யவேண்டி வந்தது. நகரத்து ஜலத்தில் 100-க்கு 90 பங்கு, மீட் ஏரியின் வழியாக அந்நதியே அளிக்கிறது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. வீட்டினுள் குளிக்கவும் துவைக்கவும் செலவாகும் ஜலம் பெரும்பாலும் சுத்தி செய்யப்பெற்று மீண்டும் ஏரிக்கே போய்ச் சேருகிறது. புல்லுக்குப் பாய்ச்சியது ஆவியாய்ப் போனால் போனதுதான். ஒரு சதுர அடிப் புல் வருஷத்துக்கு 73 காலன் குடிப்பதாகவும், வறட்சி தாங்கும் செடிகளுக்கு 17 காலன் போதுமென்றும் நகரத்து நீர் அதிகாரிகள் ஆராய்ந்து கண்டார்கள். 1999 முதல், புல்லை அகற்றுவோருக்குப் பணம் கொடுத்தார்கள். 20 கோடி சதுர அடிக்கு மேல் புல் மறைந்தது. ஆயினும் வறட்சி விடவில்லை. 2022-ல் மீட் ஏரி, 1937-க்குப் பின் கண்டிராத அளவு தாழ்ந்தது. அதற்கு முன்பே, 2021-ல், ஒரு சட்டம் பிறந்திருந்தது: சாலையோரங்களிலும் காரியாலய வாசல்களிலும் அழகுக்கு மட்டும் வளர்க்கும் புல்லுக்கு 2027 முதல் நதி ஜலம் பாய்ச்சலாகாது. தனி வீடுகளுக்கும் விளையாட்டு மைதானங்களுக்கும் விலக்கு உண்டு.

புல்லைப் பெயர்த்துச் சரளைக்கல்லைக் கொட்டினால் தோட்டமாகிவிடாது. வெயிலில் கல் அனலாய்க் கொதிக்கும். ஆதலால், செடிகள் வளர்ந்தபின் நிலத்தில் பாதியையாவது அவை மூடவேண்டும் என்பது பணம் பெறுவோருக்கு நிபந்தனை. பாலைவன வில்லோ, யுக்கா, மெஸ்கீட் முதலிய அந்நிலத்து மரஞ்செடிகளை நட்டு, வேரடியில் சொட்டுச் சொட்டாக நீர் விடுகிறார்கள். புல்லின் ஈரத்தை நம்பி வளர்ந்த பழைய மரங்களுக்குத் தனியே நீர் விட மறந்தால் அவை பட்டுப்போகும்.

"நாமும் அச்செடிகளைத் தருவிக்கலாமே!" என்று வாசகர்கள் எண்ணவேண்டாம். மெஸ்கீட்டின் நெருங்கிய உறவுதான் நம் கண்மாய்களை அடைத்து நிற்கும் சீமைக் கருவேலம். தன் மண்ணில் நல்லதாயிருப்பது பிறர் மண்ணில் களையாகலாம். அதே இனத்தின் இன்னொரு உறவான வன்னி, விருத்தாசலம் கோயிலில் தல விருட்சமாய் நிற்கிறது. ஆவாரையும் நொச்சியும் நம் வேலியோரத்தில் கேட்பாரற்றுப் பூக்கின்றன. அமெரிக்கரிடம் கற்கவேண்டியது செடிகளின் ஜாபிதாவை அன்று. தன் வானம் எவ்வளவு பொழியும் என்று கணக்குப் பார்த்துத் தோட்டம் போடும் புத்தியையே.