விளம்பரம் கூடினால் வியாபாரம் கூடுமா?

விளம்பரம் செய்த மாதங்களில் வியாபாரம் நன்றாக நடந்திருக்கிறது, ஆகவே செலவை இரட்டிப்பாக்குவோம் என்று எமது வர்த்தகர்கள் பலர் முடிவெடுப்பதுண்டு. கணக்கைக் கணனியில் போட்டால், பிள்ளைகள் உயர்தர வகுப்பில் படிக்கும் இணைபும் பிற்செலவும் நொடியில் வந்துவிடுகின்றன. (பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், பிற்செலவு என்பது பின்னால் வரும் செலவல்ல.) விடை எடுப்பது இலகு. அதைப் பிழையாக வாசிப்பதில்தான் கைமுதல் போகிறது.

ஒரு புடவைக் கடையின் 24 மாத விளம்பரச் செலவுக்கும் விற்பனைக்கும் இணைபுக் குணகம் 0.9 என வந்ததாக வைத்துக்கொள்வோம். இக்குணகம் -1 இற்கும் +1 இற்கும் இடையிலேயே இருக்கும். 0.9 என்றால் இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே ஏறி இறங்கியுள்ளன. நூற்றுக்கு 90 நிச்சயம் என்பது இதன் பொருளல்ல.

பிற்செலவுக் கோடு இப்படி வருகிறது: விற்பனை = 2 இலட்சம் ரூபா + விளம்பரச் செலவின் 8 மடங்கு. அதாவது, செலவு 1,000 ரூபா கூடுதலாக இருந்த மாதங்களில் விற்பனை சராசரியாக 8,000 ரூபா கூடுதலாக இருந்தது. 'இருந்தது' என்பதைக் கவனியுங்கள். இனிச் செலவைக் கூட்டினால் விற்பனையும் கூடும் என்று கோடு சொல்லவில்லை. இதுவரை 50,000 ரூபாவுக்கு மேல் செலவழிக்காத கடைக்கு, 2 இலட்சம் செலவழித்தால் என்ன நடக்கும் என்பதையும் அது அறியாது.

கூடும் என்றே வைத்தாலும், இலாபம் 10 சதவீதமாயின் 8,000 ரூபா விற்பனையில் மிஞ்சுவது 800. அதற்குச் செலவு 1,000. குணகம் எவ்வளவு உயர்ந்தாலும் இது நட்டக் கணக்கே!

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் புள்ளிவிபரவியலாளர் பிரான்சிஸ் அன்ஸ்கொம் 1973 இல் நான்கு அட்டவணைகளை வெளியிட்டார். ஒவ்வொன்றிலும் 11 சோடி எண்கள். நான்கிலும் சராசரிகள் 9, 7.5, குணகம் ஏறத்தாழ 0.82; கோடும் ஒன்றே. ஆனால் புள்ளிகளாக வரைந்தால் நான்கும் நான்கு விதம். முதலாவதில் புள்ளிகள் கோட்டைச் சுற்றிச் சிதறிக் கிடக்கின்றன. இரண்டாவது ஏறி, வளைந்து, இறங்குகிறது. மூன்றாவதில் ஒரு புள்ளி மட்டும் வரிசையை விட்டு விலகி நிற்கிறது. நான்காவதில் பத்துப் புள்ளிகள் ஒரே செங்குத்தில் நிற்க, தூரத்தில் தனித்து நிற்கும் ஒன்றே கோட்டை இழுத்துச் செல்கிறது. கடையில் என்றோ ஒருமுறை கிடைத்த பெரிய ஓடர் ஒன்று இந்த வேலையைச் செய்துவிடும். ஒரு கொப்பித்தாளில் புள்ளி வைத்துப் பார்த்தாலே இது தெரியும்.

பருவம் அதைவிடப் பெரிய பொறி. பெருநாள் வருகிறது என்பதால்தான் விளம்பரத்தைக் கூட்டுகிறோம். அதே காரணத்தால்தான் சனமும் கடைக்கு வருகிறது. விளம்பரமே செய்யாவிட்டாலும் ஒரு பகுதியினர் வந்திருப்பார்கள். சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடலாம் என்றால், நோன்புப் பெருநாள் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் முந்துகிறது. 2024 இல் பெருநாளும் சித்திரைப் புத்தாண்டும் ஏப்ரலில் சில நாள் இடைவெளியில் வந்தன. 2025 இல் நோன்பு மாதம் மார்ச்சிலேயே ஏறத்தாழ முடிந்துவிட்டது. ஏப்ரலை ஏப்ரலோடு ஒப்பிட்டவருக்கு விளம்பரம் தோற்றதாகத் தெரிந்திருக்கும். பெருநாளுக்கு முந்திய நான்கு வாரங்களை, முந்திய ஆண்டுப் பெருநாளின் நான்கு வாரங்களோடு வைத்துப் பார்ப்பதே சரி.