ஒரே மலையை விடாமல் வரைந்தவரின் மாடி அறை!

தெற்கு பிரான்சில் ஏக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் என்றொரு ஊர். ஊருக்கு வடக்கே லோவ் மேட்டில், மரங்களுக்கு நடுவே ஒரு மாடி வீடு. ‘பெரிய ஓவியராச்சே, சுவரெல்லாம் ஓவியமாகத் தொங்கும்’ என்று நினைத்துப் படியேறினால் ஏமாந்துபோவீர்கள். சாம்பல் நிறச் சுவர்கள். மூன்று மண்டையோடுகள், பிளாஸ்டரில் ஒரு குழந்தைச் சிலை, இஞ்சி ஜாடி, பாட்டில்கள். ஒரு பக்கம் அவருடைய கோட்டும் தொப்பியும். பால் செசான் தன் கடைசி நான்கு வருடங்கள் வேலை பார்த்த அறை இது.

1901-ல் இந்த இடத்தை வாங்கி, ஓவியம் வரைவதற்கென்றே கட்டினார். வடக்குப் பார்த்து பிரமாண்டமான கண்ணாடி ஜன்னல். அந்தப் பக்கம் நேர் வெயில் விழாது. வெளிச்சம் சீராக இருக்கும். பக்கத்திலேயே சுவரில் உயரமான, குறுகலான ஒரு திறப்பு. படிக்கட்டு வழியே இறங்காத ‘குளிக்கும் பெண்கள்’ போன்ற ராட்சத கான்வாஸ்களை வெளியே எடுக்கத்தான் அது!

அறுபதைத் தாண்டிய வயது, சர்க்கரை நோய் வேறு. ஆனாலும் ஊருக்குள் இருந்த வீட்டிலிருந்து காலை ஆறு மணிக்கே வந்துவிடுவார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வெளியே கிளம்பிவிடுவார். பெரும்பாலும் எதிரே தெரியும் சாந்த் விக்துவார் மலைதான். ஆயிரம் மீட்டருக்குச் சற்றே அதிக உயரம். அதை எண்ணெய் வண்ணத்திலும் நீர் வண்ணத்திலும் திரும்பத் திரும்ப வரைந்தார். சலிக்காதா? 1906-ல் ஆற்றங்கரையில் வரைந்துகொண்டிருந்தபோது மகனுக்கு எழுதிய கடிதத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. இடம் மாறாமல், கொஞ்சம் வலப்பக்கமோ இடப்பக்கமோ சாய்ந்து பார்த்தாலே மாதக்கணக்கில் வரையலாம் என்கிறார்.

அந்த அக்டோபரில், வெளியே வரைந்துகொண்டிருந்தவர் புயல் மழையில் மாட்டிக்கொண்டார். மயங்கிக் கிடந்தவரைச் சலவை வண்டியில் ஏற்றி வீட்டில் சேர்த்தார்கள். மறுநாளே தோட்டத்தில் தூரிகையைப் பிடித்தார். சில நாட்களில் உயிர் பிரிந்தது. வயது 67.

பிறகு பூட்டிக் கிடந்த வீட்டை 1921-ல் மகனிடமிருந்து வாங்கியவர் மார்செல் ப்ரொவான்ஸ். கீழே குடியிருந்துகொண்டு, மாடியை அப்படியே விட்டுவைத்தார். அந்த ஒரு காரியத்துக்காகவே அவருக்கு நன்றி சொல்லலாம். அவர் மறைந்ததும் ரியல் எஸ்டேட்காரர்களின் கண் விழுந்தது. காப்பாற்றியது உள்ளூர்க்காரர்கள் அல்ல, அமெரிக்கர்கள்! ஜேம்ஸ் லார்ட், ஜான் ரிவால்ட் இருவரும் முயற்சி எடுக்க, 114 பேர் பணம் கொடுத்தார்கள். வீட்டை வாங்கி அங்குள்ள பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தார்கள். 1954-ல் பார்வையாளர்களுக்குக் கதவு திறந்தது. சொந்த ஊர் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளரோ, தான் இருக்கும்வரை செசான் ஓவியம் உள்ளே வராது என்று ஒரு காலத்தில் சொன்னவராம்.

இங்கே போகிறவர்கள் அறையைப் பார்த்த கையோடு திரும்பிவிடக் கூடாது. அதே சாலையில் இன்னும் கொஞ்சம் மேலே ஏறினால், அவர் நின்று வரைந்த இடம் வரும். அவருடைய மலை ஓவியங்களின் பிரதிகளை அங்கே வைத்திருக்கிறார்கள். நிமிர்ந்து பார்த்தால், எதிரே அசல் மலை. நோட்டும் பென்சிலுமாக யாராவது உட்கார்ந்திருந்தால், மறைக்காமல் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.