கூட்டத்தினுள் தனித்திருத்தல்

கலாசாலையில் ஒரு மாணாக்கனை ஒதுக்குதற்குக் கடுஞ்சொல் வேண்டுவதில்லை. நால்வர் பேசிக்கொண்டிருக்கின்றனர், ஐந்தாமவன் வந்து நிற்கிறான், பேச்சு நின்றுவிடுகிறது, அல்லது அவன் அறியாத ஒருவரைப் பற்றியே தொடர்கிறது. இவ்வளவே போதும். இதனை அற்பமென்று எண்ணுவோர் பலர். மனோதத்துவ நூலார் அவ்வாறு எண்ணவில்லை.

கிப்ளிங் வில்லியம்ஸ் என்னும் அறிஞர் ஒருநாள் பூங்காவில் இருந்தபொழுது, இருவர் எறிந்து விளையாடிய தட்டு அவர்பால் உருண்டு வந்தது. அவர் அதைத் திருப்பி எறிய, அவ்விருவரும் சிறிதுநேரம் அவரையும் சேர்த்து ஆடிப் பின்னர் ஒன்றும் சொல்லாமலே விட்டுவிட்டனர். முன்பின் அறியாதார் செயல் தம்மை இத்துணை வருத்துவதேன் என்று வியந்த அவர், அதனையே சோதனையாக்கினார். 2000-இல் வெளியான அவ்வாராய்ச்சியில் கணினித் திரையில் பந்தாட்டம் நிகழும், தொடக்கத்தில் இரண்டொரு முறை பந்து வரும், பின் வராது. சில நிமிஷ ஆட்டத்திலேயே, தான் ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவன் என்னும் எண்ணம் குன்றிவிடுகிறது. எதிரில் ஆடுவது வெறுங்கணினியே என்று முன்னரே சொல்லிவைத்தபொழுதும் அவ்வாறே குன்றியதென்று 2004-இல் கண்டனர்.

அவ்வாறு ஒதுக்கப்பட்டவன் அடுத்தவரோடு எங்ஙனம் பழகுகிறான் என்பதே நாம் கருதத்தக்கது. 2008-இல் லேகின் முதலியோர் நடத்திய சோதனையில், ஒதுக்கப்பட்ட மாணாக்கர், பின்னர்த் தம்முடன் அமர்ந்தவர் காலை ஆட்டக் கண்டு, தம்மை அறியாமலே தாமும் மிகுதியாக ஆட்டினர். அவ்வாண்டில் வந்த மற்றோர் ஆராய்ச்சி, ஒதுக்கப்பட்ட காலத்தை நினைவுகூர்ந்தோர் மெய்ந்நகையையும் பொய்ந்நகையையும் பிறரினும் நன்கு பிரித்தறிந்தனர் என்கிறது.

இவற்றை நம் விடுதி உணவுச்சாலையிலேயே காணலாம். கிராமப் பள்ளியில் தமிழில் பயின்று வந்த முதலாண்டு மாணாக்கன், பிறர் சிரிக்குமுன் சிரிக்கிறான். பொருள் விளங்காத ஆங்கிலச் சொல்லைத் தானும் வழங்குகிறான். மற்றவர் எழுந்தால் பாதி உணவில் எழுகிறான். நாம் அவனை 'ஒட்டிக்கொள்பவன்' என்று எள்ளுகிறோம். அதன்பின் அவன் வாய்மூடிக் கடைசி மேசையை நாடினால், 'கர்வி' என்கிறோம். இரண்டும் நாம் இட்ட பெயர்களே. இடையில் நாம் முகத்துக்காகச் சிரித்துவைப்பதுமுண்டு. அச்சிரிப்பை அவன் நன்கறிவான்.

சோதனைச்சாலை விளையாட்டு வேறு, மூன்றாண்டு உடனுறைவு வேறு என்பாரும் உளர். மெய்யே. சோதனை முடிந்ததும் இஃது ஏற்பாடென்று மாணாக்கனிடம் சொல்லிவிடுவர். விடுதியில் அவ்வாறு சொல்வார் இல்லை. 'இன்னாரைப் பற்றிப் பேசுகிறோம்' என்று ஒரு வாக்கியம் சொல்லி, பெஞ்சில் சற்றே நகர்ந்து இடம் விடுவதற்கு நமக்கு ஆகும் செலவு யாதுமில்லை. அவன் அதனை எதிர்பார்த்திருப்பதும் பெரும்பாலும் முதற்பருவத்தின் முதற்சில வாரங்களே. அப்பால் கடைசி மேசையில் அவனுக்கென்று ஓரிடம் வழக்கமாகிவிடுகிறது.