மரத்தூள் குழாயில் மின்சாரமா?

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் வீட்டிலேயே சிறு மரவேலைப் பட்டறை வைத்திருக்கும் அன்பர்கள் நம் புனேயிலும் உண்டு. பவானி பேட்டையில் பலகை வாங்கி வந்து அறுப்பதும் இழைப்பதும் நல்ல பொழுதுபோக்கு. தூளை இழுக்க ஓர் உறிஞ்சு விசிறி. அதற்குக் குழாய், தண்ணீருக்குப் போடும் அதே பி.வி.சி. தான்.

கோடையில் அந்தக் குழாயைத் தொட்டால் கையில் சுருக்கென்று ஷாக் அடிக்கும். பாயும் தூள் குழாயின் உட்சுவரில் உராய்வதால் உண்டாகும் நிலைமின்சாரம் இது. சென்னையில் கடற்காற்றின் ஈரம் அதைக் கசியவிட்டுவிடும். இங்குள்ள வறண்ட காற்றில் அது தேங்கி நிற்கும். மழைக்காலம் வந்தால் தானே குறையும்.

இந்தப் பொறியால் தூள் வெடித்துவிடாதா என்று பலரும் பயப்படுகிறார்கள். பயம் ஆதாரமற்றதல்ல. 2012-இல் கனடாவின் பர்ன்ஸ் லேக், பிரின்ஸ் ஜார்ஜ் ஊர்களின் மர அறுவை ஆலைகளில் தூள் வெடித்து, ஆலைக்கு இருவராக நால்வர் மாண்டனர். ஆனால் அவை பேராலைகள். தூள் வெடிக்க, ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 40 கிராம் நுண்தூளாவது மிதக்க வேண்டும். வீட்டுக் குழாயில் சாதாரணமாக அவ்வளவு சேராது.

பொறியின் பலத்தையும் பாருங்கள். லோனி எண்ணெய்க் கிடங்கு போன்ற இடங்களில் டாங்கர் வேகன்களை நிரப்புமுன் தண்டவாளத்தையும் குழாய்களையும் இணைத்து எர்த் செய்வது ரயில்வேக்காரர்கள் அறிந்ததே. பெட்ரோல் ஆவி பற்றச் சுமார் கால் மில்லிஜூல் போதும். பிளாஸ்டிக் பரப்பிலிருந்து பாயும் பொறி ஏறக்குறைய 4 மில்லிஜூல் வரை போகலாம். மரத்தூளுக்குப் பொதுவாக அதைவிடக் கூடுதல் வேண்டும்.

பலர் குழாயின் மேல் செம்புக் கம்பி சுற்றி எர்த் செய்கிறார்கள். பிளாஸ்டிக் மின்கடத்தாப் பொருள். கம்பி தொட்ட இடத்தருகே மட்டும் மின்னூட்டம் இறங்கும். மற்ற இடத்தில் அப்படியே இருக்கும். ஷாக் சற்றுக் குறையலாம், அவ்வளவே. எர்த் செய்யவேண்டியது உலோகத்தை. தனித்து நிற்கும் கிளாம்பு, வளைகுழாய்க்குள் இருக்கும் சுருள்கம்பி ஆகியவை மின்னூட்டத்தைச் சேர்த்துவைத்து ஒரே வீச்சில் கொட்டிவிடும். அவற்றை இயந்திரத்தின் உடலோடு இணையுங்கள். இயந்திரத்துக்கு மூன்று முள் பிளக்கும் சரியான எர்த்தும் இருக்கட்டும்.

உண்மையான ஆபத்து வேறு. போசரி ஆலைகளிலிருந்து வரும் பழைய பேக்கிங் பலகையில் ஆணி இருக்கும். அது ரம்பத்திலோ விசிறியிலோ பட்டால் தெறிக்கும் கனல் தூள் பைக்குள் விழுந்து, மணிக்கணக்கில் புகைந்து, நள்ளிரவில் பற்றலாம். அறுக்குமுன் ஆணிகளைப் பிடுங்குங்கள். வேலை முடிந்ததும் பையிலுள்ள தூளை மூடியுள்ள தகர டின்னில் கொட்டி வெளியே வையுங்கள்.

இன்னொன்று நுரையீரல். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-இல் வகைப்படுத்தியது. ஷாக்குக்குப் பயந்து விசிறியை நிறுத்தினால் அந்தத் தூள் நம் மூச்சிலும், பக்கத்தில் விளையாடும் பேரப்பிள்ளைகள் மூச்சிலும்தான் போகும். விசிறி ஓடட்டும், மூக்குக்கு நல்ல முகமூடியும் இருக்கட்டும்.